ஐந்து பேர் சொன்ன ‘சரி’

அத்தியாயம் 14

பதினொரு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை யாரும் ‘எழுந்திரு’ என்று சொல்லவில்லை. “சின்னவளும் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கட்டுமே” என்றுதான் மாமனார் சொன்னார். விரட்டியிருந்தால் சண்டை போடலாம். தன்மையாகக் கேட்டால் என்ன செய்வது? போன வாரத்திலிருந்து பெரிய மருமகளுக்குச் சோறு தொண்டையிலேயே நிற்கிறது.

நாற்காலி ஒன்றும் சிம்மாசனம் இல்லை. பெயிண்ட் கடையின் முன்ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் உயரமான மர நாற்காலி. ஒரு கால் குட்டை. அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கும். ஆனால் கடையில் வெளிச்சம் நேர்மையாக விழும் இடம் அது ஒன்றுதான். அங்கே உட்காருகிறவள்தான் நிறம் கலக்குகிறவள்.

அச்சடித்த அட்டவணையில் இருக்கிற நிறமென்றால் மூலையில் நிற்கும் மெஷினே கலக்கிவிடும். கொழுந்தன் பட்டனைத் தட்டினால் போதும். பழைய சுவரின் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து, “இதே கலர் வேணும்” என்று நிற்கிறவர்களுக்குத்தான் பெரியவளின் கண். வெயிலும் மழையும் தின்ற நிறத்துக்கு அட்டவணையில் ஏது நம்பர்? அவள் சொட்டுச் சொட்டாகக் கலக்கி, உள்ளங்கை அகல அட்டையில் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்து, சில்லோடு ஒட்டிப் பிடிப்பாள்.

அதற்கப்புறம் ‘சுற்று’. மாமனார் ஏற்படுத்திய வழக்கம். கலக்கியவர் முதலில் சொல்ல வேண்டும். பிறகு கடையில் இருக்கிற எல்லோரும் வயது வரிசையில். எல்லோரும் ‘சரி’ என்றால் வாளிகளில் கலக்கலாம். ஒருவர் ‘இல்லை’ என்றாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன வாரம் வரைக்கும், பதினொரு வருஷத்தில் ஒருவரும் ‘இல்லை’ என்றதில்லை. ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் சுற்று முடிந்துவிடும்.

போன வாரம் பல் டாக்டர் வீட்டுக் கதவுப் பச்சையை எல்லோரும் ‘சரி’ சொல்லி முடித்த பிறகு, கல்யாணமாகி மூன்று மாதமே ஆன சின்ன மருமகள், “இல்லைன்னு தோணுது” என்றாள். வாசலில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். இல்லைதான். அன்றைக்குப் பெரியவளுக்குக் காய்ச்சல், கண்ணெல்லாம் எரிச்சல். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? மாமனார் “அடேயப்பா!” என்றதுதான் தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. குழாய்க் கடைக்காரரும் டைல்ஸ் கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெயின்டர்கள் சின்னவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

“எங்க நம்ம ஸ்கேனரம்மா?” என்று கேட்டுக்கொண்டே இன்று காலை பத்து மணிக்கு மேஸ்திரி உள்ளே வந்தார்.

“ஸ்கேனருக்கு இன்னும் கரண்ட் வரல” என்றாள் பெரியவள், நாற்காலியை விட்டு அசையாமல். “கண்ணு போதும்னா இங்க குடுங்க.”

“ஐயோ அக்கா, தமாஷுக்குச் சொன்னேன். நீங்கதானே எனக்கு எப்பவும்.”

“எப்பவும்னு சொல்றவங்க வாசல்லயே வேற பேரைக் கேக்கறீங்களே மேஸ்திரி.”

மேஸ்திரி கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே உள்ளங்கை அளவு சுவர்ச் சில்லு. புறாவின் முதுகு மாதிரி ஒரு சாம்பல்.

“பள்ளிக்கூடத்துப் பக்கச் சுவர். பாதியை இடிச்சுக் கட்டியாச்சு. பழைய பாதியும் புதுப் பாதியும் ஒட்டின இடம் தெரியக் கூடாதுன்னு தலைமையாசிரியர் கண்டிஷன். பன்னெண்டு வாளி. நாலு மணிக்கு வேன்ல ஏத்தணும்.”

மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். சில்லைத் தூக்கிப் பார்த்தார். அது கல்லா, ரொட்டியா என்று பார்ப்பது போலிருந்தது.

“இந்த வேலை முடியட்டும். சாயங்காலம் நாற்காலி விஷயத்தைப் பேசி முடிச்சிடலாம்” என்றார். “வர்றவங்களுக்கு யாரைக் கேக்கறதுன்னு ஒரு தெளிவு வேணும்ல.”

தெளிவாம். பின்னால், பழைய அட்டைகள் அடுக்கிய பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்த சின்னவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் எரிந்தது. ஆசைப்படுகிறவளைச் சமாளிக்கலாம். ஆசையே இல்லாதது போல் இருப்பவளை எந்தப் பக்கம் போய்ப் பிடிப்பது?

பெரியவள் கலக்க ஆரம்பித்தாள். வெள்ளைக்குக் கறுப்பு, கொஞ்சம் மஞ்சள், துளி நீலம். முதல் அட்டை காய்ந்தது. முதுகில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். அது அவள் கையின் பழக்கம். ‘இன்னும் வேணும்’ என்றால் பெருக்கல். ‘போதும்’ என்றால் புள்ளி. யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது?

இரண்டாவது அட்டைக்கும் பெருக்கல்.

மூன்றாவது கிட்டத்தட்ட வந்துவிட்டது. கிட்டத்தட்டத்தான். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தது போல, சாம்பலுக்கு அடியில் ஒரு மங்கிய மஞ்சள். இன்னும் ஒரு அளவு நீலம் போட்டால் அடங்கிவிடும். அவள் கை தன் பாட்டுக்கு முதுகில் பெருக்கலைப் போட்டது. நீல பாட்டிலை எடுக்கத் தலையை நிமிர்த்தினாள்.

பின்னால் சின்னவள் நின்றிருந்தாள். அட்டையைப் பார்த்துப் புருவம் சுருங்கியிருந்தது.

பார்த்துவிட்டாள்! இப்போது நீலத்தைப் போட்டால், ‘ஸ்கேனரம்மா முகத்தைச் சுளிச்சாங்க, அக்கா உடனே திருத்திட்டாங்க’ என்று மேஸ்திரி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். பதினொரு வருஷமும் அந்தப் புருவத்துக்குள் சுருங்கிப் போய்விடும்.

நீல பாட்டிலை நோக்கிப் போன கை திரும்பி வந்தது.

“சரி” என்றாள் பெரியவள். அவள் சாதாரணமாகச் சொல்வதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் சுற்று கிளம்பிவிட்டது. மாமனார் அட்டையைச் சில்லோடு சேர்த்துப் பிடித்தார். அரை மூச்சு தயங்கினார். “சரி.”

இன்றைக்கு மேஸ்திரியும் வரிசையில் இருந்தார். “அக்கா சொன்னா சரிதான்” என்று கைக்குட்டையை மடித்தார்.

டெலிவரிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெரியவளின் புருஷன் எட்டிப் பார்த்தான். “சரி, சரி.”

கொழுந்தன் அட்டையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். “சரி அண்ணி.”

கடைசியாகச் சின்னவள். அட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். சில்லைப் பார்த்தாள். மறுபடி அட்டை. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்து முகங்களும் முடிந்துபோன விஷயத்துக்குக் காத்திருக்கும் முகங்களாக இருந்தன. மேஸ்திரி மணியைப் பார்த்தார். அவள் கண்ணை ஒரு தரம் கசக்கிக்கொண்டாள்.

“சரி...தான்” என்றாள்.

அந்த இழுவையைப் பெரியவள் கற்கண்டு மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டாள். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றது கடகடவென்று இறங்கியது. அளவுகளைச் சீட்டில் எழுதினாள்: கறுப்பு பன்னிரண்டு, மஞ்சள் ஐந்து, நீலம் மூன்று. சீட்டோடு அட்டையையும் சேர்த்து கிளிப் போட்டு, “பின்னாடி கொண்டுபோய் வாளிகள்ல கலக்கிடு” என்று சின்னவளிடமே நீட்டினாள். தோற்றவள் கையாலேயே அனுப்பி வைப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

மத்தியானம் பின்னறையில் டிபன் டப்பாவைத் திறந்தபோது அவளால் அடக்க முடியவில்லை.

“ஏங்க, பாத்தீங்களா? உங்க தம்பி பொண்டாட்டியும் கடைசில சரின்னுட்டா. ஸ்கேனராம் ஸ்கேனர்.”

புருஷன் மென்றுகொண்டே சொன்னான். “ஆமா. எனக்குக்கூட லேசா மஞ்சள் அடிக்கிற மாதிரி இருந்துச்சு.”

அவள் கை டப்பாவிலேயே நின்றது. “என்ன?”

“மஞ்சள். லேசாத்தான். நீ சரின்னதும், நல்லா காய்ஞ்சா போயிடும்போலன்னு விட்டுட்டேன்.”

“தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?”

“நல்லா இருக்கே! நீ சொல்லியாச்சு, அப்பா சொல்லியாச்சு. நான் ஒருத்தன் எழுந்து நின்னு இல்லைன்னா, வீட்டுக்கு வந்து நீ என்னை விடுவியா?”

கொழுந்தன் தண்ணீர் குடிக்க வந்தான். அவள் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

“தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு அண்ணி. நாலு பேருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? டியூப்லைட் கோளாறுன்னு நினைச்சேன்.”

அவள் எழுந்து முன்கடைக்குப் போனாள். மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, காலைல அந்த அட்டை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எனக்கு எங்கம்மா தெரியுது?” என்றார் அவர், தெருவைப் பார்த்தபடியே. “கண்ணுல புரை விழுந்து அஞ்சாறு வருஷமாச்சு. சாம்பல், நீலம் எல்லாம் எனக்கு ஒரே மாதிரி. நான் உன் குரலைத்தான் பாக்கறேன். உன் குரல் அழுத்தமா இருந்தா சரி. போன வாரம் காய்ச்சல்ல குரல் கம்மியிருந்துச்சு, எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு.”

பெரியவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

பதினொரு வருஷம். எத்தனை கதவு, எத்தனை சுவர்! ஒவ்வொரு தரமும் வரிசையாக விழுந்த ‘சரி’களை அவள் மாலை மாதிரி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தர் புரை விழுந்த கண், ஒருத்தர் வீட்டுச் சண்டைக்குப் பயந்த கண், ஒருத்தர் முன்னால் நிற்பவர் முகத்தைப் பார்க்கும் கண். அட்டையைப் பார்த்த கண் இந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவள் காலையில் கசக்க வைத்திருந்தாள்.

அப்போதும் அவளுக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. ‘அவளை மட்டும் ஏன் ஏமாற்ற இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது’ என்ற எரிச்சல்தான் வந்தது.

நாலு மணிக்கு வேன் வந்தது. பன்னிரண்டு வாளிகளும் ஏறின. மேஸ்திரி கயிற்றை இறுக்கினார்.

பெரியவள் வாசலில் நின்று பார்த்தாள். பள்ளிக்கூடத்துச் சுவர் நாளைக்கே சாயம் வெளுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடாது. பத்து வருஷம் அங்கேயே நிற்கும். பாதி சாம்பல், பாதி மஞ்சள் கலந்த சாம்பல். அந்த வழியே போகிறவர்களெல்லாம் ‘யார் கலக்கினது?’ என்பார்கள். யாராவது கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே நிறுத்திவிட்டால்? ‘ஏத்தின வண்டியை இறக்க வெச்சாங்கய்யா அக்கா, அதுதான் தொழில் சுத்தம்’ என்று இதே மேஸ்திரி தெரு முழுக்கச் சொல்வார். மனசாட்சியும் கணக்கும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அவள் தாமதிக்கவில்லை.

“மேஸ்திரி, நிறுத்துங்க! ஒரு வாளியை இறக்குங்க. எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“அக்கா, மணி நாலு!”

“சுவரு பத்து வருஷம் நிக்கும். நீங்க பத்து நிமிஷம் நில்லுங்க.”

வாளி இறங்கியது. மூடி திறந்தது. அட்டையில் தடவி, டிரையரில் காயவைத்து, சில்லோடு ஒட்டிப் பிடித்தாள். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, விடை காலையிலிருந்தே தெரியும்.

“மஞ்சள் அடிக்குது” என்றாள், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக. “காலைல வெளிச்சத்துல தப்பிடுச்சு. நான்தான் பொறுப்பு. சுத்து விடுங்க.”

மாமனார் அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். “ஆமா. மஞ்சள்தான்.”

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “இப்ப நல்லாவே தெரியுது. காலைலயே சொல்ல நினைச்சேன், அக்கா தப்பா எடுத்துக்குவாங்களோன்னு...”

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றான் புருஷன், பெருமையோடு.

“டியூப்லைட் இல்ல, மஞ்சள்தான்” என்றான் கொழுந்தன்.

எல்லோரும் வரிசையின் கடைசிக்குத் திரும்பினார்கள். சின்னவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அட்டையை வாங்கினாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள். இந்தத் தரம் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

“இல்லை” என்றாள். “சரியாத்தான் இருக்கு.”

கொழுந்தன் அட்டையை மறுபடி எட்டிப் பார்த்தான்.

“என்னம்மா சொல்றே?” என்றார் மாமனார். “அஞ்சு பேருக்குத் தெரியுதே.”

சின்னவள் பின்கட்டுக்குப் போய் கிளிப் போட்ட சீட்டைக் கொண்டுவந்தாள். காலை அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் சில்லு. அதற்குப் பக்கத்தில் இப்போது காயவைத்த அட்டை.

ஜன்னல் வெளிச்சம் மூன்றின் மேலும் ஒரே அளவில் விழுந்தது. காலை அட்டை தனியாக, வெட்கமில்லாமல் மஞ்சளாகக் கிடந்தது. சில்லுக்கும் புது அட்டைக்கும் நடுவில் கோடு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சீட்டில் ‘நீலம் மூன்று’ அடிக்கப்பட்டு, வேறு கையெழுத்தில் ‘நான்கு’ என்றிருந்தது.

“காலைல அஞ்சு பேரும் சரின்னதும் எனக்கு என் கண்ணு மேலயே சந்தேகம் வந்துடுச்சு மாமா. சரின்னுட்டேன். பின்னாடி போய் அட்டையைத் திருப்பிப் பாத்த பிறகுதான் தெளிஞ்சுது. நீலத்தை ஒண்ணு ஏத்தினேன். கேக்காம செஞ்சது தப்புதான்.”

‘திருப்பிப் பாத்த பிறகு.’ கடையில் இருந்த ஆறு பேரில் ஒருத்திக்கு மட்டும் அந்த வார்த்தை காதுக்குள் ஊசியாக இறங்கியது.

பென்சில்! முதுகில் போட்ட பெருக்கல்! பழைய அட்டைப் பெட்டியை மூன்று மாதமாகத் துழாவிக்கொண்டிருந்தவளுக்குப் பெருக்கலும் புள்ளியும் அத்துப்படியாகியிருக்காதா? ‘சரி’ என்று வாய் சொல்வதற்கு முன்பே கை ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டதே!

பெரியவள் மேஜைமேல் கிடந்த காலை அட்டைக்குக் கையை நீட்டினாள். சின்னவள் முந்திக்கொண்டாள். முதுகுப் பக்கம் யாருக்கும் தெரியாமல் சாதாரணமாக எடுத்து, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“கிளிப்போட எடுத்து வெக்கறேன் அக்கா” என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகத்தைத்தான் பெரியவளால் மூன்று மாதமாகப் படிக்க முடியவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. ஒரு நிமிஷத்துக்கு முன் சரியான அட்டையில் அவளும் மஞ்சளைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை, சத்தியமாகப் பார்த்தாள். மற்றவர்களுக்கு அவள் குரல் காட்டியதை அவளுக்கு அவள் நினைப்பே காட்டிவிட்டது. போகட்டும், தப்பை ஒப்புக்கொண்ட பெருமையாவது மிஞ்சுமென்று பார்த்தால், ஒப்புக்கொள்ளத் தப்பையே மிச்சம் வைக்காமல் துடைத்துவிட்டாள் பாவி!

“அட, ஆமாம்ல” என்றார் மேஸ்திரி மூன்றையும் குனிந்து பார்த்து. “சில்லு மாதிரியே இருக்கே. நான் இப்பத்தான் கவனிக்கறேன்.”

“நீங்க கவனிச்சது போதும், வாளியை ஏத்துங்க” என்றார் மாமனார்.

வேன் போனது. மாமனார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“காலைல தப்பை எல்லாருமா சேர்ந்து சரின்னோம். சாயங்காலம் சரியை எல்லாருமா சேர்ந்து தப்புன்னோம். நடுவுல ஒருத்தி சத்தம் போடாம வேலையைப் பாத்திருக்கா.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இன்னும் என்ன பேச்சு? ஜன்னல் நாற்காலி இனிமே சின்னவளுக்கு. வீட்டு விஷயமா இருந்தாலும் கடை விஷயம்தான். சுத்து விட்டுக் கேட்டுடலாம். என் பங்குக்குச் சரி.”

“சரிப்பா” என்றான் பெரியவளின் புருஷன். சொன்ன பிறகுதான் அவள் பக்கம் பார்த்தான், பார்த்திருக்க வேண்டாம்.

“சரிப்பா!” என்றான் கொழுந்தன், முறை வருவதற்கு முன்பே. பொண்டாட்டி விஷயத்தில் அவனுக்கு டியூப்லைட் நன்றாகவே எரிந்தது.

இனி பெரியவள். அதற்கப்புறம் சின்னவள்.

‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டால் முடிந்தது. அட்டை பைக்குள் இருக்கிறது, பையிலேயே இருந்துவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தலையைத் திருப்பினாள். நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் அவள் மடித்து வைத்த அட்டை தெரிந்தது. பதினொரு வருஷத்தில் நாலு தரம் மாற்றியிருக்கிறாள். அதன்மேல் வேறு ஒருத்தி ஆடாமல் உட்காருவாள்.

காலையில் முந்திக்கொண்ட அதே வாய் இப்போதும் முந்திக்கொண்டது.

“இல்லை” என்றாள் பெரியவள். “எனக்குச் சரியாப் படல மாமா. கேக்காம அளவை மாத்துறவகிட்ட நாளைக்கு எதை நம்பிக் குடுக்கறது?”

அழுத்தமாகத்தான் விழுந்தது குரல். மாமனாரின் தலை, பழக்கத்தில், தானாகவே லேசாக ஆடியது.

“அதுவும் ஒரு வகையில... யோசிக்க வேண்டியதுதான்” என்றான் புருஷன் தரையைப் பார்த்து.

“அவசரப்படாம பேசலாம்ப்பா” என்றான் கொழுந்தனும், பொண்டாட்டியைப் பார்க்காமல்.

சின்னவளின் முறை வந்தது. அவள் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியவளை மட்டும் பார்த்தாள்.

பிறகு ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள்.